ஆமியை விட்டு வரும்போது ஐ.வி.ஏ. இன்னும் முடியவில்லை என்றால்

ஐ.வி.ஏ. என்பது பிரித்தானியாவில் கடனை மாதாமாதம் கட்டி முடிப்பதாகக் கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்யும் ஒப்பந்தம். அதன் மாதக் கட்டணம் இராணுவச் சம்பளச் சிட்டையைப் பார்த்துப் போட்ட கணக்கு. அந்தச் சிட்டையில் குவாட்டர்ஸ் வாடகை பணம் கைக்கு வருமுன்னரே கழிந்துவிடும். கவுன்சில் வரிக்குப் பதிலாக எடுக்கும் தொகையும் அப்படித்தான். ஓய்வூதியத்துக்கென்று சிப்பாய் தன் சம்பளத்திலிருந்து ஒரு பென்னியும் கட்டுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆன அடுத்த மாதமே இவையெல்லாம் மாறிவிடும். ஒப்பந்தமோ பழைய தொகையைப் பழைய திகதியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

2018 நவம்பரில் பிரித்தானிய இராணுவம் பொதுநலவாய நாட்டவருக்கு இருந்த ஐந்தாண்டு வதிவிட நிபந்தனையை நீக்கியது. இலங்கை, இந்தியா, மலேசியக் கடவுச்சீட்டோடு சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் இப்போது வெளியேறும் கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் கடன் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

ஐ.வி.ஏ. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1986ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின்கீழ் வருவது. வாக்களிக்கும் கடன்காரர்களில் (கடன் கொடுத்தவர்களில்), கடன் பெறுமதிப்படி 75 வீதத்தினர் சம்மதித்தால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். வழக்கமாக ஐந்து அல்லது ஆறு ஆண்டு ஓடும். உரிமம் பெற்ற ஒருவர் மேற்பார்வையாளராக இருந்து பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். இது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குரியது. ஸ்கொட்லாந்தில் முகாம் கிடைத்து அங்கேயே கடனைப் பதிந்தவர் கையில் இருப்பது பெரும்பாலும் டிரஸ்ட் டீட் என்ற ஸ்கொட்லாந்துக் கடன் ஒப்பந்தம். அதன் சட்டமே வேறு. எது கையில் இருக்கிறது என்று முதலில் தாளை எடுத்துப் பாருங்கள்.

இனி கணக்கு. ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள் என்று வைப்போம். வரி, தேசியக் காப்புறுதி போக மாதம் 2,500 பவுண். குவாட்டர்ஸ் வாடகை, கவுன்சில் வரிக்குப் பதிலான தொகை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 480 கழிந்து கையில் 2,020. இதை வைத்து ஐ.வி.ஏ.க்கு மாதம் 240 என்று எழுதியாயிற்று. வெளியே வந்து அதே மொத்தச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கிறது; அதுவே அதிர்ஷ்டம்தான். புது முதலாளி, தன்னியக்கமாகச் சேர்க்கப்படும் வேலையிட ஓய்வூதியத்துக்கு ஊழியர் பங்கு 5 வீதம் பிடிப்பார். கையில் 2,400 அளவில் வரும். வீட்டு வாடகை 1,300, கவுன்சில் வரி 150, தண்ணீர் 40 போனால் மிச்சம் 910. சம்பளம் ஒரு சதமும் குறையாமலே மாதம் 1,110 பவுண் காணாமல் போய்விட்டது. அந்த 910இல் சாப்பாடு, மின்சாரம், பஸ், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் போக 240 எங்கிருந்து வரும்?

இந்த மாற்றத்தை, கட்டணம் தவறிய பிறகு சொல்லக் கூடாது, தவறுமுன் சொல்ல வேண்டும். மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் நிலுவை ஏறினால் பொதுவாக மீறல் கடிதம் வரும், அதற்குப் பிறகு பேச்சு வேறு தொனியில் இருக்கும். ஜே.பி.ஏ.யில் (படையின் இணையவழிச் சம்பள, நிர்வாகக் கணக்கில்) விலகல் அறிவித்தலை அழுத்தினால் பொதுவாக 12 மாதம் ஓட வேண்டும். அந்த 12 மாதம் இந்த வேலைக்குத் தாராளம், ஆனால் பலர் கடைசி ஆறு வாரத்தில்தான் வாய் திறக்கிறார்கள்.

மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். டிஸ்சார்ஜ் திகதி, வேலைக் கடிதம் வந்திருந்தால் அது, வந்திருக்காவிட்டால் தேடுவதற்கான ஆதாரம், குடியேறப் போகும் ஊரில் அதே அளவு வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று காட்டும் இரண்டு மூன்று விளம்பரம், குவாட்டர்ஸ் உரிமை முடிவதைக் காட்டும் சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். அந்தச் சான்றிதழை எப்படிப் பெறுவது என்று உங்கள் படை அலகில் கேளுங்கள். கவுன்சிலில் வீடு கேட்கப் போகும்போதும் அதே தாள்தான் உதவும். சிறு மாற்றத்தை ஒப்பந்த விதிகள் தரும் எல்லைக்குள் மேற்பார்வையாளர் தானே செய்வார். அதற்கு மேலென்றால் கடன்காரர்களிடம் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி 75 வீதம். அதற்கு வாரக்கணக்காகும். சில மாதம் கட்டணத்தை நிறுத்தி வைக்கக் கேட்பதும் உண்டு. நிறுத்திய மாதங்கள் ஒப்பந்தத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் மாதச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். இங்கிலாந்தில் வாடகை முற்பணத்துக்கு உச்சவரம்பு ஐந்து வார வாடகை. 1,300 வாடகைக்கு அது 1,500. முதல் மாத வாடகையோடு 2,800. ஐ.வி.ஏ.யில் இருப்பவரிடம் இவ்வளவு சேமிப்பு இருக்காது, இருக்கவும் விடமாட்டார்கள். இதற்கு சாஃபா போன்ற படைவீரர் தொண்டு அமைப்புகளிடம் உதவி கேட்கலாம். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, அவர்கள் இருப்பதே இதற்குத்தான்.

மிகப் பெரிய சறுக்கல் வெளியேறும்போது கிடைக்கும் மொத்தத் தொகையில்தான் நடக்கிறது. 2015 ஓய்வூதியத் திட்டத்தில் 20 ஆண்டு சேவையும் 40 வயதும் நிறைந்து வெளியேறுபவருக்கு முன்கூட்டிய விலகல் கொடுப்பனவு உண்டு: பின்னர் கிடைக்கவிருக்கும் ஆண்டு ஓய்வூதியத்தின் 2.25 மடங்கு ஒரே தடவையில், அதோடு மாதாமாதம் ஒரு வருமானமும். அந்தத் தகுதி இல்லாமல் 12 ஆண்டு முடித்தவருக்கு மீள்குடியமர்வு மானியம் கிடைக்கும். இரண்டின் மொத்தத் தொகைக்கும் வரி இல்லை. வரி இல்லாதது ஐ.வி.ஏ.க்குத் தெரியத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. ‘ஓய்வூதியத்தில் கைவைக்கமாட்டார்கள்’ என்று ஒப்பந்தம் எழுதும்போது சொல்லியிருப்பார்கள். அது இன்னும் எடுக்காத ஓய்வூதியத்தைப் பற்றிய பேச்சு. எடுத்து வங்கிக்கு வந்த பணம், எதிர்பாரா வரவு பற்றிய பிரிவுக்குள் விழக்கூடியது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் 500 பவுணுக்கு மேற்பட்ட அத்தகைய வரவை அறிவித்தே ஆக வேண்டும்.

அறிவித்தால் எல்லாம் போய்விடும் என்றும் இல்லை. பணம் வருமுன், ‘இதில் இவ்வளவு வீட்டு முற்பணத்துக்கும் வேலை இல்லாத இரண்டு மாதச் செலவுக்கும் வேண்டும்’ என்று கணக்கோடு கேட்டால் கடன்காரர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதற்கு இடமுண்டு. வீடில்லாத கடனாளியால் அவர்களுக்கும் பயனில்லை. மீதியைக் கொடுத்து ஒப்பந்தத்தையே முன்கூட்டி முடிக்கவும் பேசலாம். பணம் வந்து செலவழிந்த பிறகு இதில் எதுவும் முடியாது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் கேட்க நினைப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வங்கியில் 16,000 பவுணுக்கு மேல் கிடந்தால் அது கிடையாது.

மாத வருமானமாக வரும் பகுதிக்கு வருமான வரி உண்டு. புது வேலையோடு சேர்ந்து வரும்போது அதில் நேராக 20 வீதம் பிடிப்பது வழக்கம். ஐ.வி.ஏ.யின் ஆண்டு மீளாய்வில் வரி போக மிஞ்சியதைத்தான் காட்ட வேண்டும். மொத்தத்தைக் காட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசிச் சம்பளத்தை முழுதாக நம்ப வேண்டாம். குவாட்டர்ஸ் ஒப்படைக்கும்போது கண்ட சேதம், திருப்பிக் கொடுக்காத உபகரணம், கூடக் கொடுத்துவிட்ட படி எல்லாம் அதில் கழியும். வீடு வாங்கப் படையில் எடுத்த வட்டியில்லாக் கடனின் பாக்கியையும் வெளியேறும் தொகையில் பிடிப்பார்கள். இப்படிப் புதிதாக வரும் கடன் எதையும் பழைய ஐ.வி.ஏ. ஏற்காது.

விசாவை இதிலிருந்து பிரிக்க முடியாது. சேவையில் இருக்கும்வரை குடிவரவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. டிஸ்சார்ஜோடு அது முடிந்து 28 நாள் அவகாசம்தான். நிரந்தர வதிவிடத்துக்கு நான்கு ஆண்டு சேவை வேண்டும், டிஸ்சார்ஜுக்கு 18 வாரம் முன்பே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து ஆறு ஆண்டு முடித்தவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தச் சலுகை அவருக்கு மட்டும். மனைவிக்கும் பிள்ளைக்கும் தலைக்கு 3,000 பவுணை ஒட்டிய தொகை. ஐ.வி.ஏ. செலவுப் பட்டியலில் இதற்கென்று ஒரு வரி இருக்காது. நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் கடன் அட்டையில் போட வழியில்லை, ஏனென்றால் பொதுவாக 500 பவுணுக்கு மேல் கடன் எடுக்க மேற்பார்வையாளரின் எழுத்து அனுமதி தேவை. விசா பிந்தினால் முதலாளி வேலைக்கு எடுக்கமாட்டார், இங்கிலாந்தில் வீட்டுக்காரர் வீடு தரமாட்டார், அடுத்த மாதம் ஐ.வி.ஏ.யும் நிலுவையில் விழும்.

நம் ஆட்கள் அதிகம் தடுக்குவது சீட்டில். முதலில் கழித்து எடுத்தால் அது கடன். கடைசியில் எடுத்தால் சேமிப்பு. இரண்டும் ஒப்பந்தத்துக்குள் வரும். ‘வங்கியில் போகவில்லையே’ என்பது பதில் ஆகாது. ஊரில் அப்பா எழுதிவைத்த காணியும் அப்படித்தான்: யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் தஞ்சாவூரில் இருந்தாலும் முதுசம் முதுசம்தான். ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைச் சிலர் சாப்பாட்டுச் செலவுக்குள் ஒளித்து எழுதுகிறார்கள். வங்கிக் கூற்று கேட்கும் நாளில் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் மாதம் தவறாமல் அதில் நிற்கும்.

வேலை விஷயத்தில், வெளியே வருபவர்களில் பலர் போகும் பாதுகாப்புத் துறையில் பி.எஸ். 7858 என்ற பின்னணிச் சோதனை உண்டு, அதில் ஐ.வி.ஏ. தெரியவரும். விண்ணப்பத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு போய்விடும், மறைத்தால்தான் சிக்கல். ஐ.வி.ஏ. பதிவேடு பொதுவில் இருக்கிறது, யாரும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதத்தில் அதிலிருந்து பெயர் நீங்கும். கடன் வரலாற்றிலோ ஒப்புதல் நாளிலிருந்து ஆறு ஆண்டு நிற்கும்.

டிஸ்சார்ஜுக்கு முந்திய வாரம் ஜே.பி.ஏ.யைத் திறந்து கடைசி 12 மாதச் சம்பளச் சிட்டைகளையும் பி60 என்ற ஆண்டு வரிச் சான்றிதழையும் இறக்கி, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியேறியபின் அந்தக் கணக்கு திறக்காது, மீளாய்வுக்கு முதலில் கேட்பது அவற்றைத்தான். புது முகவரியையும் அன்றே மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் மீளாய்வுக் கடிதம் நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த குவாட்டர்ஸின் கதவடியில் கிடக்கும்.