கையெழுத்து போட ஆள் தேடின கதை

2020 ஆரம்பத்துல ஃபிளாட்டை வித்துட்டு கொஞ்சம் பெரிய வீடா பார்க்கலாம்னு கிளம்பினோம். கிழக்கு லண்டன்ல ஆறு மாடி பில்டிங், நாங்க மூணாவது மாடி. வாங்க ஆளும் கிடைச்சாச்சு, அவங்க பேங்க்லேர்ந்து சர்வேயர் வந்து வெளிச்சுவரை அண்ணாந்து பார்த்துட்டு போனார், அடுத்த வாரம் லெட்டர் வருது: ஈடபிள்யூஎஸ்1 ஃபார்ம், அதாவது வெளிச்சுவர் தீக்குத் தாங்குமான்னு எஞ்சினியர் பார்த்து கையெழுத்து போட்டுக் குடுக்கிற ஃபார்ம், இல்ல, அதனால வீட்டோட மதிப்பு பூஜ்யம் பவுண்டு.

லண்டன்ல கிரென்ஃபெல் டவர்ங்கிற அடுக்குமாடியில 2017 ஜூன்ல 72 பேர் செத்தாங்களே, வெளிச்சுவர்ல போர்த்தியிருந்த (அதைத்தான் கிளாடிங்னு சொல்வாங்க) அலுமினியத் தகடுக்கு நடுவுல இருந்த பாலிஎத்திலீன் பத்திக்கிட்டு தீ மேல ஏறுச்சே, அதுக்கப்புறம் 2019 டிசம்பர்ல வந்த ஃபார்ம் இது. நாமளா ஆள் வச்சு வாங்க முடியாது, பில்டிங் ஓனர்தான் எடுக்கணும் (நமக்கு ஃபிளாட் குத்தகைதான், கட்டடம் அவரோடது). ஓனர் தரப்புல கேட்டா எஞ்சினியரே கிடைக்கலைங்கிறாங்க. முதல்ல நம்பல, அப்புறம்தான் புரிஞ்சுது, கையெழுத்து போட்டவர் மேல நாளைக்கு கேஸ் வந்தா காப்பாத்த வேண்டிய தொழில் இன்சூரன்ஸ்ல தீ சம்பந்தமானதையே எடுத்துட்டாங்களாம், எவன் போடுவான்?

பதினாலு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து சுவரைப் பிரிச்சார். ஜன்னல் ஓரத்துல தீயைத் தடுக்க வைக்கவேண்டிய தடுப்பே இல்ல, உள்ள இருந்த இன்சுலேஷனும் எரியுற ரகம். ரிசல்ட் பி2, அதாவது ரிப்பேர் பண்ணியே ஆகணும். அதுவரைக்கும் ராத்திரி பூரா தீ பிடிச்சா எல்லாரையும் எழுப்ப கையில ஹாரனோட ரெண்டு பேர் ரோந்து, அந்தக் காசும் எங்க தலையில.

சரி, இதை டிசைன் பண்ணது யாருய்யான்னு கேட்டா ஆர்க்கிடெக்ட், அது கிளாடிங் காண்ட்ராக்டர் டிசைன்ங்கிறார். காண்ட்ராக்டர், டிராயிங்கை நீங்கதானே அப்ரூவ் பண்ணீங்கங்கிறார். பில்டரோ, கட்டடம் விதிப்படி இருக்கான்னு பார்க்கிற பில்டிங் கன்ட்ரோலே பாஸ் பண்ணிட்டாங்களேன்னு சொல்லிட்டு அந்த கம்பெனியையே மூடிட்டார். கிரென்ஃபெல் விசாரணையிலயும் இதே கூத்துதான், ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டினாங்க.

2022ல பில்டிங் சேஃப்டி ஆக்ட் வந்துதான் மூச்சு வந்துச்சு. அந்த வருஷம் பிப்ரவரி 14 அன்னைக்கு நாங்க அங்கேயே குடியிருந்ததால கிளாடிங் செலவை எங்ககிட்ட கேட்க முடியாது, அதுக்குன்னு பில்டிங் ஓனருக்கு ஒரு பத்திரம் எழுதிக் குடுக்கணும், அதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. பழைய கட்டடத்துக்கு 30 வருஷம் வரைக்கும் கேஸ் போடலாம், மூடின கம்பெனியோட அதே குழுமத்துல இருக்கிற கம்பெனியையும் கோர்ட் இழுக்கலாம்.

போன வருஷம் வேலை முடிஞ்சு புது ஃபார்ம் வந்துச்சு, ஏ1, அதாவது சுவர் தீப்பிடிக்க வாய்ப்பு குறைவு. நான் முதல்ல பார்த்தது ரிசல்ட்டை இல்ல, கீழ கையெழுத்து போட்டவரோட பேரையும் மெம்பர்ஷிப் நம்பரையும்தான்.