ஹிமாலயன் 411: கம்ப்ரஷனைக் கூட்டுவதற்கு முன் பியூரெட் சொன்ன கணக்கு

என் பைக் எஞ்சினில் பெட்ரோல் எரியும் இடமான எரியறையின் கன அளவு ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. எத்தனை முறை ஊற்றினாலும் பியூரெட்டில் (அளவுக்கோடுகள் போட்ட கண்ணாடிக் குழல்) அளவு இப்போது அதே கோட்டில்தான் நிற்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதத்தை, 9.5-இலிருந்து 10.5-க்கு உயர்த்தினால் நெடும்பயணத்தில் லாபம் உண்டா என்று பார்க்கவே இந்த வேலையில் இறங்கினேன். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் எரியறை சுருங்கிக் கம்ப்ரஷன் கூடும்; எவ்வளவு சீவுவது என்று அறியத்தான் இந்த அளவு. ஹெட்டைக் கழற்றிய கதை இங்கே வேண்டியதில்லை. கடலூர் உப்புக்காற்றில் ஊறிய சைலன்சர் ஸ்டட்டுகள் எப்படிக் கழலும் என்பது இந்தக் கரையோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்ததுதான்.

அளப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. வால்வு உட்காரும் இடம் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக இல்லாவிட்டால் ஊற்றும் திரவம் போர்ட் (காற்றும் புகையும் போய்வரும் பாதை) வழியே இறங்கிவிடும். ஸ்பார்க் பிளக்கையும் முழுமையாக முடுக்கியிருக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி ஒட்டியபின், டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான எண்ணெய்) சிறிது கலந்து நிறமேற்றிய மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். துளை ஓரத்தில் இருக்க வேண்டும். அந்த ஓரம் மேலே வரும்படி ஹெட்டைச் சற்றே சாய்க்க வேண்டும். மட்டமாக வைத்தால் பிளக் அருகே பாசிமணி போல ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது. நேரம் கடத்தவும் வழியில்லை, ஏனெனில் மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைத்து விளிம்பில் கசியத் தொடங்கிவிடும். அரை சி.சி. காற்று சிக்கினாலே, ஹெட்டில் 0.1 மி.மீ. சீவும் அளவுக்குக் கணக்கு பிசகும். தகட்டை நெல்லிக்குப்பம் சாலையில் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் வெட்டி வாங்கினேன்; மிஞ்சிய துண்டு என்பதால் மலிவாகவே கிடைத்தது. பியூரெட் புதுச்சேரியில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்கியது. 50 மி.லி. கொள்ளளவும் 0.1 மி.லி. பிரிவுகளும் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடை ஊசிக்குழலை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

இனி கணக்கு. 78 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்றால் பிஸ்டன் கடக்கும் கன அளவு சுமார் 411 சி.சி. கம்ப்ரஷன் 9.5 ஆக இருக்க, ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டின் தடிமனையும் சேர்த்து மேலே எஞ்சும் இடம் 48.3 சி.சி.; அதை 10.5 ஆக்க 43.3 சி.சி.யாகக் குறைக்க வேண்டும். இந்த 5 சி.சி.யைச் சீவியே எடுப்பதானால் 1 மி.மீ.க்கும் மேல் போகும். அவ்வளவு சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறையும், வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுழற்றும் டைமிங் செயின் தளர்ந்து கேம் பின்தங்கும், அதைச் சரிசெய்யக் கேம் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) போல்ட் துளைகளை நீட்ட வேண்டிவரும். இத்தனைக்கும் பிறகு, ஏட்டுக்கணக்கின்படி வெப்பத்திறன் கூடுவது ஏறத்தாழ 2.7 சதவீதம், 24.3 குதிரைத்திறனில் அது முக்கால்கூட ஆகாது. காற்றால் குளிரும் எஞ்சினில், கத்திரி வெயிலில் திண்டிவனம் சாலையில் பெட்டிகளோடு போகும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வந்தால் அந்த முக்காலும் போய்விடும்.

இதைவிட எளிய வழி ஒன்று கையருகிலேயே இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால், பின்னால் 38 பல் அப்படியே இருக்க, ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் இழுவை 7 சதவீதம் கூடும். எஞ்சினின் சக்தி இம்மியும் கூடாது, அதே வேகத்தில் சுழற்சியும் 7 சதவீதம் ஏறும் என்பது உண்மைதான். ஆயினும் கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் பின்னிருக்கையில் ஆளோடு ஏறுகிறவருக்கு வேண்டியது இந்த இழுவையே. சமதளத்தில் வேகம் வேண்டுமென்பவர்கள் 452 சி.சி., 40 குதிரைத்திறன் கொண்ட புதிய ஹிமாலயனைப் பார்ப்பதே உத்தமம். 411-ஐச் சீவிச் சீவி அங்கே கொண்டுபோக முடியாது.

ஆகவே ஹெட் லேத் பட்டறைக்குப் போகவில்லை. வால்வுகள் தேய்த்து முடிந்தன, ஹெட்டைத் திரும்பப் பூட்டுவது இன்னும் பாக்கி. அதற்குள் 14 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். அது வந்ததும் முதலில் கல்வராயன் மலைக்குத்தான்.