கேப் ஸிர்கோனியாவா, மெட்டலா என்று கேட்பதற்கு முன்

பல் கேப் கழன்று கையோடு வந்துவிட்டால் பழி முதலில் பொருளின் மேல்தான் விழுகிறது. "மெட்டல் போட்டதால்தான் இப்படி, ஸிர்கோனியா என்றால் நின்றிருக்கும்" என்கிறார்கள். (ஸிர்கோனியா என்பது பீங்கான் போன்ற, பல் நிறத்தில் கிடைக்கும் உறுதியான பொருள்.) கழன்ற கேப்பைத் திருப்பி உள்ளே பாருங்கள். சிமெண்ட் முழுக்க கேப்புக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது, வாயில் நிற்கும் பல்லோ கட்டையாக, கூம்பு போலச் சரிந்திருக்கிறது என்றால், தங்கத்தில் செய்திருந்தாலும் அது கழன்றுதான் இருக்கும்.

கேப் மாட்டுவதற்காகப் பல்லை ராவிய பிறகு கடைவாய்ப்பல்லில் குறைந்தது 4 மி.மீ. உயரம் மிஞ்ச வேண்டும். முன்பல்லிலும் சிறு கடைவாய்ப்பல்லிலும் 3 மி.மீ. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும் கோணம் பாடப்படி 6 டிகிரி. வாய்க்குள், அதுவும் கடைசிப் பல்லில், அந்த 6 கைக்கு வருவது அபூர்வம். 10 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் கேப் நிற்கும். அதைத் தாண்டினால் பிடிப்பு முழுவதையும் சிமெண்ட்தான் சுமக்க வேண்டும்.

ரூட் கேனல் செய்த பல்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உலக்கை முனைக்குப் பூண் போடுகிறோமே, கேப் அங்கே செய்வது அதே வேலை. பூண் பிடிக்க மரம் வேண்டும். கட்டி எழுப்பிய பகுதிக்குக் கீழே, கேப்பின் விளிம்புக்கு மேலே, சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் இருக்க வேண்டும். அது இல்லாமல் வேருக்குள் போஸ்ட் (கட்டிய பகுதியைத் தாங்கும் கம்பி) இறக்கி மேலே கேப் மாட்டினால் ஒன்று போஸ்ட்டோடு சேர்ந்து கழன்று வரும், அல்லது வேர் பிளக்கும். வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டால் பெரும்பாலும் பல்லை எடுப்பதுதான் வழி.

இவ்வளவும் சரியாக இருந்தால் பொருளைப் பற்றிப் பேசலாம்.

மெட்டல் செராமிக் கேப் மூன்று அடுக்கு. உள்ளே நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம், 0.3 முதல் 0.5 மி.மீ. அதன் கருமையை மறைக்கும் ஒபேக் பூச்சு 0.2 முதல் 0.3. அதற்கு மேல் போர்சலின் சுமார் 1 மி.மீ. கூட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் ஏறக்குறைய 1.5 மி.மீ. இடம் தேவை. பல்லை 1 மி.மீ. மட்டும் ராவி அனுப்பினால் கேப் செய்யும் லேப்காரருக்கு இரண்டே வழி: கேப்பைப் புடைக்க விடுவது, அல்லது போர்சலினை மெலிதாக்குவது. மெலிந்த இடத்தில் ஒபேக் தெரிந்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். நிறம் சரியில்லை என்று லேபைக் குறை சொல்லும் முன் ராவிய ஆழத்தை அளந்து பார்ப்பது நியாயம். போர்சலின் அடியில் மெட்டல் தாங்காமல் 2 மி.மீ.க்கு மேல் தடித்து நின்றாலும் சில்லு பெயரும். கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறது என்று சொல்பவருக்கு நிக்கல் கலந்த மெட்டல் வேண்டவே வேண்டாம்.

ஸிர்கோனியா என்று ஒரே பெயரில் விற்பது உண்மையில் ஒரே பொருள் இல்லை. அதில் கலக்கும் யிட்ரியா என்ற ஆக்சைடின் அளவைப் பொறுத்துக் குணம் மாறுகிறது. 3 மோல் சதவீதம் என்றால் வளைவு வலிமை (வளைக்கும்போது உடையாமல் தாங்கும் திறன்) 1000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும், ஆனால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. 5 மோல் சதவீதத்தில் பல் போலவே பளிச்சென்று இருக்கும், வலிமையோ ஏறத்தாழ பாதியாக இறங்கிவிடும். முன்பல்லுக்கு ஏற்ற ஸிர்கோனியா வட்டில் கடைவாய்ப்பல் பிரிட்ஜ் (இல்லாத பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிரப்பும் கேப் தொடர்) செய்தால் உடைவதில் அதிசயமில்லை. எந்த வகை என்று லேப் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

லேபுக்கு வரும் வட்டு வெள்ளைச் சாக்பீஸ் போல மிருதுவானது. அதில் மெஷின் கடைந்தெடுக்கும் கேப், பல்லைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக இருக்கும். சுமார் 1500 டிகிரி செல்சியஸ் உலையில் வெந்து சுருங்கிய பிறகுதான் உண்மை அளவுக்கு வரும். ஒவ்வொரு வட்டின் மேலும் அதன் சுருக்கக் கணக்கு அச்சிட்டிருக்கும். வட்டை மாற்றிவிட்டு அந்த எண்ணை மாற்ற மறந்தால் கேப் பல்லில் உட்காராது, அல்லது தொளதொளக்கும்.

ஸிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்க்கும் என்ற பயம் பாதிதான் சரி. கடினத்தன்மையைவிட சொரசொரப்புதான் தேய்க்கிறது. கடி உயரமாக இருக்கிறது என்று டைமண்ட் பர்ரால் (வைரத்துகள் பதித்த சுழலும் முனை) இரண்டு உரசு உரசிவிட்டு அப்படியே அனுப்புவதில்தான் கெடுதல். உரசிய இடத்தை ஸிர்கோனியாவுக்கான ரப்பர் பாலிஷர்களால், சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானது வரை, வரிசையாக மெருகேற்ற வேண்டும்.

பிரிட்ஜில் உடையும் இடம் பெரும்பாலும் பல்லும் பல்லும் சேரும் கழுத்து. 3 மோல் சதவீத ஸிர்கோனியாவில், நடுவில் ஒரு கடைவாய்ப்பல் இல்லாத பிரிட்ஜுக்கு, அந்தக் கழுத்தின் குறுக்குவெட்டு 9 சதுர மி.மீ.யாவது வேண்டும். அகலத்தைவிட உயரம் முக்கியம்: உயரம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். பல் குட்டையாக இருந்து அந்த உயரம் கிடைக்காதவருக்கு மெட்டல் பிரிட்ஜே நல்லது, அழகு கொஞ்சம் குறைந்தாலும்.

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி கலந்த செராமிக் முன்பல்லுக்கு என் முதல் தேர்வு. வலிமை 400 மெகாபாஸ்கல் அளவில்தான், ஆனால் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். கேப்பின் உள்பக்கம் 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 20 விநாடி, கழுவி உலர்த்தி சைலேன் (சிமெண்ட்டோடு பிணைக்கும் திரவம்) 60 விநாடி, பிறகு ரெசின் சிமெண்ட். அதே அமிலம் ஸிர்கோனியாவில் வேலை செய்யாது, அதில் அரிக்கக் கண்ணாடி இல்லை.

ஸிர்கோனியா ஒட்டும்போது பலரும் தவறுவது உமிழ்நீரில். வாயில் மாட்டிப் பார்க்கும்போது எச்சிலிலுள்ள பாஸ்பேட் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் கழுவினால் போகாது. பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்தால் இன்னும் மோசம், அதுவும் பாஸ்பேட்தான். மாட்டிப் பார்த்த பின் 50 மைக்ரான் அலுமினா துகளைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, எம்.டி.பி. (ஸிர்கோனியாவோடு பிணையும் வேதிப்பொருள்) உள்ள பிரைமர் தடவுவதே முறை. பல்லுக்கு நல்ல உயரமும் பிடிப்பும் இருந்தால் சாதாரண கிளாஸ் அயனோமர் சிமெண்டே போதும். மே மாத வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் அது சீக்கிரம் இறுகிவிடும். கேப் முழுதாக இறங்குமுன் இறுகினால் விளிம்பில் இடைவெளி, கடியும் உயரம். கலக்கும் கண்ணாடிப் பலகையை முன்பே குளிரவைத்து, ஈரம் துடைத்து எடுங்கள்.

அளவு எடுப்பதில் ஒன்றே ஒன்று: பல்லின் அச்சு எடுக்கும் சிலிகோன் புட்டியை லேடெக்ஸ் கையுறையோடு பிசையாதீர்கள். கையுறையிலுள்ள கந்தகம் அதை இறுக விடாது. பார்வைக்கு நன்றாக இருக்கும், விளிம்பு மட்டும் பிசுபிசுப்பாக நிற்கும்.

ஒட்டி முடித்ததும் ஃப்ளாஸ் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, இரு பல்லுக்கு நடுவே இறக்கி, பக்கவாட்டில் இழுத்தெடுங்கள். ஈறுக்கடியில் மறைந்திருக்கும் சிமெண்ட் துணுக்கு அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டு வரும். நூல் கொஞ்சம்கூடத் தடை இல்லாமல் உள்ளே நழுவினால் பக்கத்துப் பல்லோடு தொடுகை போதவில்லை, கீரை நார் தினமும் அங்கே சிக்கும். இதைச் சிமெண்டுக்கு முன்பே சோதித்திருந்தால் கேப்பை லேபுக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒட்டிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.