அழுகைக்கு அளவு வைத்தவர்கள்

கண்ணீரில் ஏறக்குறைய 98 சதவீதம் தண்ணீர்தான். கன்னத்தில் இறங்கிய சில நிமிடங்களில் காய்ந்துவிடும், மிஞ்சுவது துளி உப்பு. பானை உடைந்தால் ஓடு கிடைக்கும், மனிதர் மாண்டால் எலும்பு கிடைக்கும். அழுததற்கு அப்படி எதுவும் மண்ணுக்கடியில் கிடைக்காது. ஆகவே அழுகையின் வரலாற்றைத் தேடுபவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எதைச் சான்றாக எடுப்பது என்பதைத்தான். கவிதையும் ஓவியமும் ஏராளமாக உண்டு. ஆனாலும் நான் முதலில் கை வைப்பது சட்டங்களிலும் சடங்கு விதிகளிலும். அழாதே, இவ்வளவுதான் அழலாம், இன்னார்தான் அழலாம் என்று சொல்லும் விதிகள் அவை. யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. தடை எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக அந்தக் காலத்து அழுகை நமக்குத் தெரியும்.

அதற்கு முன், மிகவும் பரவிவிட்ட ஒரு பிழையைத் தள்ளிவைக்க வேண்டும். ரோமானியக் கல்லறைகளில் விரல் நீளத்தில், ஒடுங்கிய கழுத்தோடு, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கிடைக்கின்றன. இறந்தவருக்காக அழுதவர்கள் கண்ணீரைப் பிடித்துவைத்த குப்பிகள் என்று இவற்றுக்கு நெடுங்காலமாகப் பெயர். உண்மையில் இவை வாசனைத் தைலக் குப்பிகள். கண்ணாடியை ஊதிச் செய்யும் முறை கி.பி. முதல் நூற்றாண்டில் பரவியபோது இவை மலிந்தன. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தபோது எண்ணெய்ப் பிசுக்குதான் தெரிந்தது. பிழைக்குத் துணைநின்றது, "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று பொருள்படும் விவிலியத்தின் 56ஆம் சங்கீதம். அங்கே வரும் எபிரேயச் சொல் தோல் பையைக் குறிப்பது. கண்ணாடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கணக்குப் போட்டாலே இது உதிர்ந்துவிடும். கண்மேல் எப்போதும் இருக்கும் ஈரப் படலம் சுமார் 7 மைக்ரோலிட்டர். சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர் சுரக்கும். இமைக்குள் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் தங்கும், அதற்கு மேல் வழியும். அழும்போது சுரப்பு பல மடங்கு கூடும் என்பது சரி, ஆனால் எல்லாம் வெளியே வராது. இமைகளின் உள்மூலையில் மேலும் கீழுமாக ஒவ்வொரு சிறு துளை இருக்கிறது. அவற்றின் வழியே ஒரு பங்கு மூக்குக்குள் இறங்கிவிடும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்றால், 10 மில்லிலிட்டர் குப்பிக்கு 200 சொட்டு வேண்டும். ஒன்றுகூடச் சிந்தாமல், ஒடுங்கிய வாயைக் கண்ணோரம் பிடித்தபடி, துக்கத்தின் நடுவில். யாரால் முடியும்?

ஓவியங்களில் எகிப்து தனித்து நிற்கிறது. அங்கே அழுகைக்கு ஓர் எழுத்தே உண்டு: கண், அதிலிருந்து கீழிறங்கும் கோடுகள். மக்களைக் குறிக்கும் சொல்லும் அழுவதைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் நெருக்கம். படைத்தவனின் வியர்வையிலிருந்து தெய்வங்களும் கண்ணீரிலிருந்து மனிதர்களும் தோன்றியதாகச் சவப்பெட்டிகளில் எழுதிய மந்திரம் ஒன்று சொல்கிறது. தீப்ஸில் ராமோஸ் என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் (கி.மு. 14ஆம் நூற்றாண்டு) கைகளை உயர்த்தி நிற்கும் பெண் கூட்டத்தின் கன்னங்களில் அந்தக் கோடுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. கூட்டத்தில் ஒரு சிறுமியும் இருக்கிறாள்.

ஏதென்ஸின் டிபிலான் இடுகாட்டில் கிடைத்த ஓவியத் தாழியில் (கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, உயரம் 155 செ.மீ.) கண்ணீரே கிடையாது. எல்லாம் கருநிழல் உருவங்கள், இரு கைகளும் தலைமேல். அந்தக் கை வைப்பை ஒவ்வொரு உருவத்தின் தனித் துயரமாகப் படிக்கக் கூடாது. 'இவர் இழவில் நிற்கிறார்' என்பதற்கான குறி அது. எகிப்தின் கோடு போல இதுவும் ஓர் எழுத்துதான்.

இனிச் சட்டங்களுக்கு வருவோம். கி.மு. 594இல் ஏதென்ஸின் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலோன் போட்டதாகக் கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் தரும் தடைப் பட்டியல் இது. பெண்கள் தம் உடலைக் கீறிக்கொள்ளக் கூடாது. முன்பே கட்டிவைத்த புலம்பலைப் பாடக் கூடாது. ஒருவர் சாவில் இன்னொருவரைச் சொல்லி அழக் கூடாது. பிணத்தோடு மூன்று ஆடைக்கு மேல் வைக்கக் கூடாது, காளையைப் பலியிடக் கூடாது. ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் பெயரில் உள்ள ஒரு வழக்குரையில் இன்னும் சில விதிகள் வருகின்றன: உடலை வீட்டுக்குள்ளேயே கிடத்த வேண்டும், மறுநாள் சூரியன் உதிக்குமுன் எடுக்க வேண்டும், ஆண்கள் முன்னே போகப் பெண்கள் பின்னே வர வேண்டும், நெருங்கிய உறவில்லாத பெண் 60 வயதுக்குக் கீழ் என்றால் வரவே கூடாது. புளூட்டார்க் எழுதியது சோலோனுக்குச் சுமார் 700 ஆண்டுகள் கழித்து என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் இவற்றைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். தெருவில் பகலில், பெண்கள் முன்னே நின்று, முகத்தைக் கீறிக்கொண்டு, கட்டிவைத்த பாட்டைப் பாடி, பழைய சாவுகளையும் சேர்த்து அழுத ஊர்வலம் கண்முன் வந்துவிடும்.

இதில் 'இன்னொருவரைச் சொல்லி அழக் கூடாது' என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. செலவைக் குறைப்பதற்கான விதி என்று மற்றவற்றை விளக்கிவிடலாம், இதை முடியாது. அழுகிறவள் பெயர் சொல்லுவாள். யார் கொன்றது, யார் காட்டிக்கொடுத்தது, எந்தக் கணக்கு தீராமல் கிடக்கிறது என்பதெல்லாம் பாட்டில் வரும். 1773இல் அயர்லாந்தில் ஆர்ட் ஓ லியரி சுட்டுக் கொல்லப்பட்டபோது மனைவி ஐலீன் பாடிய புலம்பலில், சாவுக்குக் காரணமான மாரிஸ் என்பவருக்கு நேரடியாகச் சாபம் விழுகிறது. பழிவாங்கலை அடக்கி நீதிமன்றத்தை நிலைநாட்ட நினைத்த ஏதென்ஸ் இத்தகைய குரலைக் கண்டு அஞ்சியது இயல்பே.

ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டம் (கி.மு. 451–450) குழலூதிகள் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்கிறது. பெண்கள் கன்னத்தைக் கீறக் கூடாது, சாவில் 'லெஸ்ஸும்' செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. லெஸ்ஸும் என்றால் என்ன? சுமார் 400 ஆண்டுகளுக்குப் பிறகு ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதும்போது, பழைய உரைகாரர்கள் இருவருக்கே அது சரியாகப் புரியவில்லை, ஏதோ இழவு உடை என்று ஊகித்தார்கள் என்கிறார். மூன்றாமவர் அதை ஒரு வகை ஓலம் என்றார், சிசரோவும் அவர் பக்கம். ஒரு குரலைத் தடை செய்த சட்டம் தப்பிப் பிழைத்தது. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

எல்லா விதிகளும் தடை அல்ல. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அழுகையை வகை பிரித்தே பேசுகிறது. எல்லோரும் சேர்ந்து பாடினால் அது 'இன்னூய்'. ஒருத்தி சொல்ல மற்றவர்கள் பதில் சொன்னால் 'கீனா'. திருவிழாவின் இடைநாட்களில் சேர்ந்து பாடலாம், கை தட்டக் கூடாது. அமாவாசை கழிந்து மாதம் பிறக்கும் நாளில் பாடலாம், தட்டலாம், ஆனால் கீனா கூடாது. அடக்கம் முடிந்துவிட்டால் பாட்டும் இல்லை, தட்டும் இல்லை. மனைவி இறந்தால், எவ்வளவு ஏழையானாலும் இரண்டு குழலுக்கும் ஒரு புலம்பல்காரிக்கும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரபி யூதா சொன்னதாகவும் அதில் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி அழுகை! அன்பில்லாதவர்கள்தான் ஆள் வைத்து அழுவார்கள் என்ற நம் எண்ணத்தை இங்கே பொருத்தினால் எல்லாம் தப்பாகும். அங்கே அது கணவனின் கடமை.

இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் சீனச் சடங்கு நூல்களைத்தான் பார்க்க வேண்டும். சவத்தருகே குரல் ஓயக் கூடாது. ஆனால் ஒருவரே ஓயாமல் அழுதால் உடல் தாங்காது. அதனால் முறைவைத்து மாறி மாறி அழ வேண்டும் என்கிறது யீலி என்ற நூல். பிறகு 'அழுகை முடிப்பு' என்றே பெயருள்ள ஒரு படையல் வரும். அதன்பின் நினைத்தபோதெல்லாம் அழ முடியாது, காலையும் மாலையும் மட்டும். லீஜி நூலில் ஒரு காட்சி உண்டு. தாயை இழந்த ஒருவன் குழந்தைபோல் அழுகிறான். துயரம் துயரம்தான், ஆனால் பின்வருபவர்களால் இதைத் தொடர முடியாது, சடங்கு என்றால் கைமாற்றித் தர முடிய வேண்டும், அதனால்தான் அழுவதற்கும் துக்கத்தில் குதிப்பதற்கும் அளவு உண்டு என்கிறார் கன்பூசியஸ். சோலோன் அளவு வைத்தது குரலை அடக்க. கன்பூசியஸ் அளவு வைத்தது, எல்லோராலும் அழ முடிய வேண்டும் என்பதற்காக. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'பண்டைக் காலத்தில் அழுகையை ஒடுக்கினார்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்க முடியாத பிழை.

சொற்களிலும் வழுக்கல் உண்டு. பழஞ்சீனத்தில் குரலெடுத்து அழுவது 'கூ', சத்தமின்றிக் கண்ணீர் விடுவது 'ச்சி'. கிரேக்கத்தில் உறவுப் பெண்கள் தாமாகச் சொல்லி அழுவது 'கோவோஸ்', பாடகர்கள் கட்டமைத்துப் பாடுவது 'த்ரேனோஸ்'. சோலோன் தடுத்ததாகச் சொல்லப்படும் 'கட்டிவைத்த புலம்பல்' இந்த இரண்டாவது வகை. ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக வந்தால் எல்லாம் ஒரே சொல்லாகத் தேய்ந்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. விசும்பல், விம்மல், தேம்பல், கேவல், கதறல், ஓலம், புலம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் சொல் இருக்கிறது. மூலத்தில் குரல் உண்டா, சொல் உண்டா, கண்ணீர் உண்டா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இலக்கணக்காரர்கள் வகுத்த காரணங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்வது நான்கு: இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெடுதல்), வறுமை. நான்கிலும் ஏதோ ஒன்று குறைகிறது அல்லது போகிறது. நாட்டிய சாத்திரம் கண்ணீருக்கு அடுக்கும் காரணங்களில் மகிழ்ச்சி, சினம், அச்சம், சோகத்தோடு புகை, மை, கொட்டாவி, குளிர், நோய், இமைக்காத பார்வை எல்லாம் உண்டு. ஒன்று அழுகையைப் பற்றிப் பேசுகிறது, மற்றது கண்ணீரைப் பற்றி. எரிச்சலால் வரும் கண்ணீர் வேறு, உணர்ச்சியால் வரும் கண்ணீர் வேறு என்று இன்றைய கண் மருத்துவம் பிரிக்கிறதே, அந்தக் கோட்டின் இரு பக்கமும் நாட்டிய சாத்திரப் பட்டியலில் இருக்கிறது.

பக்திக் கண்ணீரில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மார்ஜரி கெம்ப் (பிறப்பு சுமார் 1373) எருசலேமில் கல்வாரி மலையில் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினார். ஊர் திரும்பியும் அது ஓயவில்லை. ஒரு நாளில் 14 முறை வந்ததாக அவரது நூலிலேயே எண்ணிக்கை உண்டு. குரல் தொல்லை என்று ஒரு துறவி தம் பிரசங்கத்துக்கே அவரை வரவிடவில்லை. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் 1544–45இல் எழுதிய நாட்குறிப்பிலும் கண்ணீர்க் கணக்குதான். திருப்பலிக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்று நாள்தோறும் குறிக்கிறார், பிற்பகுதியில் வெறும் குறியீடாகவே. அவரை யாரும் வெளியே நிறுத்தவில்லை. இருவரும் எண்ணியது தம் அழுகையைத்தான். தொல்லை என்று பேரெடுத்தது குரல்.

கடைசியாக டார்வின். உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872இல் வந்த நூலில், கடும் துயரம் அழுத்தினாலொழிய ஆங்கிலேய ஆண்கள் அழுவது அரிது என்று எழுதினார். பக்கத்திலேயே, மாலுமிகள் தன் மேலங்கியில் மாவைத் தூவிவிட்டதால் குழந்தைபோல் அழுத நியூசிலாந்துத் தலைவர் ஒருவரின் கதையை வைத்தார். கவனமாகப் பார்க்கப் பழகிய அந்தக் கண்ணும் தன் காலத்துப் பழக்கத்தை இனத்தின் இயல்பாக எடுத்துக்கொண்டது. 1782இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் சாரா சிடன்ஸ் நடித்தபோது ஆங்கிலேய ஆண்களும் பெண்களும் அரங்கில் உட்கார்ந்து வெளிப்படையாக அழுதார்கள், அது நல்ல ரசனையின் அடையாளமாகவே கருதப்பட்டது. சிடன்ஸ் இறந்தது 1831இல். அதே ஆண்டு டிசம்பரில், 22 வயது டார்வின் பீகிள் கப்பலில் ஏறினார்.