வானம் பார்த்த பட்டாலியன்: 1/35 வல்கன் டயோரமா, இதுவரை

வளைகுடாப் போரை டயோரமாவாக, அதாவது சின்ன அளவு மாடல் காட்சியாகச் செய்வதென்றால் அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கி, இல்லாவிட்டால் கருகிக் கிடக்கும் ஈராக்கின் டி-72 டாங்கி. விமான எதிர்ப்பு என்றால் உடனே பேட்ரியாட் ஏவுகணை. நடுவில் யாரும் சீண்டாமல் கிடக்கும் எம்163 வல்கன், அதாவது ஆறு குழல் விமான எதிர்ப்புப் பீரங்கி ஏற்றிய கவச வண்டி, அதன் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். 1991 பிப்ரவரியில் அமெரிக்க 24-வது இயந்திரமயக் காலாட்படை டிவிஷனோடு ஈராக்குக்குள் போனது 5-வது வான்காப்பு ரெஜிமென்டின் 1-வது பட்டாலியன். அந்த அணிவகுப்பில் போன ஒரு வல்கனைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அடிப்பகுதி எம்113 என்ற துருப்பு ஏற்றும் கவச வண்டியின் குடும்பம்தான். ஆனால் மேலே பீரங்கிக் கூண்டின் பாரம் ஏறியதால், தண்ணீரில் மிதக்க வேண்டி இரண்டு பக்கமும் மிதவைப் பெட்டிகள், முன்னால் தடித்த பலகை. மாடல் கிட்டில் இந்தப் பெட்டிகள் பொருந்தும் இடமெல்லாம் இடைவெளி. புட்டி பூசி, காய்ந்ததும் 400, பிறகு 800 உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சலிப்பான வேலை. பாட்டு போட்டுக்கொண்டால் ஓடிவிடும்.

ஆறு குழல்களுக்குத் துளை போட்டதுதான் ரசித்துச் செய்த வேலை. நிஜத்தில் 20 மி.மீ.; 35-ஆல் வகுத்தால் 0.57. கையிலிருந்த 0.5 பிட் போதும். முதலில் ஊசி நுனியால் நடுவில் ஒரு குழி, பிறகு கைத்துளையானை அவசரப்படாமல் உருட்ட வேண்டும். ஆறும் ஒரே ஆழத்தில் இருந்தால்தான் முன்னாலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும்.

கூண்டின் வலப்பக்கம் ஒரு சின்ன ரேடார் தட்டு. அது வானத்தைத் துழாவி விமானத்தைக் கண்டுபிடிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது, அவ்வளவுதான் சொல்லும். கண்டுபிடிக்க வேண்டியது சுடுபவரின் கண். அதற்கப்புறம்தான் குறிநோக்கி, விமானத்துக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று கணக்குப் போடும். நிமிடத்துக்கு 3000 குண்டு, அதாவது வினாடிக்கு 50. விட்டால் நொடியில் காலி என்பதால் 10, 30, 60, 100 என்று அளவு வைத்துச் சுடும் ஏற்பாடு. இத்தனைக்கும் விமானத்தை எட்டுவது ஒன்றரை கிலோமீட்டர் சுமாருக்குத்தான். 1991-இலேயே பழைய சரக்கு. ஏப்ரம்ஸும் பிராட்லி கவச வண்டியும் பறக்கிற வேகத்துக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓட வேண்டிய வண்டி.

குழலை எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்பதில்தான் வேலை நின்றது. கிட் பெட்டியின் மேல் உள்ள படத்தில் வானத்தை நோக்கித் தீ கக்குகிறது. நடந்தது வேறு. ஜனவரி 17-இல் தொடங்கிய வான்தாக்குதலில் ஈராக் விமானப்படை முடங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஈரானுக்குப் பறந்துவிட்டன. டிவிஷனின் தலைக்கு மேலே பறந்தவை பெரும்பாலும் அமெரிக்கக் கூட்டணியின் சொந்த விமானங்களே. அங்கே வான்காப்புக்காரரின் திறமை, விரலை விசையிலிருந்து தள்ளி வைத்திருப்பதில்தான். எனவே தீ கக்கும் காட்சி வேண்டாம். வண்டி ஓடும்போதே தன் பங்குக்கான வானத்தைக் கவனிப்பதுபோல் கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, குழலைக் கொஞ்சம் மட்டும் உயர்த்தி ஒட்டினேன். சுடுபவர் பொம்மையின் கழுத்தை அறுத்து, அதே திசையில் அண்ணாந்து பார்க்க வைத்தாயிற்று.

அடையாளக் குறிகளை விடவே கூடாது. பிப்ரவரி 26-இல் அமெரிக்க ஏ-10 விமானங்கள் ஆள் தெரியாமல் பிரிட்டிஷ் வாரியர் கவச வண்டிகளைத் தாக்கியதில் 9 வீரர்கள் இறந்தார்கள். குறிகள் இருந்தும் நடந்தது அது. கூட்டணி வண்டிகளில் தலைகீழ் 'வி' குறி போட்டதும், மேலே பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி கட்டியதும் இந்த பயத்தால்தான். குறிக்கு மாஸ்கிங் டேப் வெட்டி, மணல் நிறத்தின் மேல் கறுப்பு அடித்தேன். துணிக்கு டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து மடிப்பு விழ விட்டேன். காய்ந்ததும் ஒளிரும் ஆரஞ்சு. கண்ணைக் குத்துகிறது, குத்தத்தான் வேண்டும்.

தளத்துக்கு மஞ்சள் மணல்மேடு வைக்கப் போவதில்லை. அந்த டிவிஷன் யூஃப்ரடீஸ் ஆற்றுப் பக்கம் 300 கிலோமீட்டருக்கு மேல் போன வழி பெரும்பாலும் கல்லும் சரளையுமான வெட்டவெளி. நடுவில் புழுதிப்புயல், ஆற்றுப் பள்ளத்தாக்கை நெருங்கும்போது வண்டிகளை உள்ளே இழுக்கும் உவர்ச்சேறு. இதைப் படித்த பிறகு வண்டி முழுக்க ஒரே புழுதி என்ற திட்டத்தை மாற்றினேன். மேலே உலர்ந்த வெளிர் பிக்மென்ட் (நிறப்பொடி). சக்கரத்திலும் டிராக்கிலும் பிளாஸ்டர், பழுப்பு பிக்மென்ட், அக்ரிலிக் பசை குழைத்த கெட்டிச் சேறு. அது பாதி காயும்போது பழைய பல்துலக்கியால் தெறிக்க விட்டால் அளவு சரியாக வருகிறது. முழு ஈரத்தில் தெறித்தால் புள்ளி பெரிதாகி, கால்பந்து அளவுச் சேறுபோல் தெரியும்.

அடுத்து ஸ்டிங்கர், அதாவது தோளில் வைத்து ஏவும் விமான எதிர்ப்பு ஏவுகணைக் குழு. இரண்டு பேர், ஒரு ஹம்வீ ராணுவ வண்டி. ஏவுகுழலின் முன்பக்கம் விரியும் ஆன்டெனாவின் கம்பி வலை கிட்டில் வெறும் பிளாஸ்டிக் தகடாக இருக்கிறது, அதை வெட்டி எறிந்துவிட்டு பித்தளை வலை வைக்க வேண்டும். இந்த மழை ஈரத்தில் ஏர்பிரஷ் அடித்தால் லாக்கர் பெயின்ட் வெளுத்துப்போகிறது. ஹம்வீக்கு நிறம் வெயில் வந்த பிறகுதான்.