ஹெட்செட்டும் புதன்கிழமையும்

2025 ஜூன் 3, செவ்வாய்

லப்டொப்பில் ஹெட்செட் செருகித்தான் இருக்கிறது. திரையில் மட்டும் ‘செருகப்படவில்லை’ என்று நிற்கிறது.

ஜூன் 4, புதன்

நேற்றிரவு பத்து மணிக்குத் தங்கச்சி எடுத்தாள். டொரொன்டோவில் அப்போது பகல் பன்னிரண்டரை, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டுதான் எடுத்தேன். “அக்கா, மகரகமைக்கே போகச் சொல்லிட்டினம்?” அவள் கேட்டது லப்டொப் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. மகரகமை என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி. படாரென்று மூடினேன்.

“ஆரடி அது?” அறையிலிருந்து அம்மா.

“ஒஃபிஸ் கோல், அம்மா.”

“ஒஃபிஸில என்னத்துக்கு மகரகம?”

நித்திரை வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

போனில் கதைக்கலாமே என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். போன் இரவில் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது, ரேடியோ ஓடாவிட்டால் அவர் கண்ணை மூட மாட்டார். இதை அவளுக்கு எத்தனை முறை விளங்கப்படுத்துவது.

சரி, லப்டொப்பையே பார்ப்போம். விண்டோஸ் 10-க்கு ஒக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றுவிடும், இந்தப் பழைய மெஷின் 11-ஐ ஏற்காது. அதனால்தான் போன மாதம் லினக்ஸ் போட்டேன். வைஃபை, பிரிண்டர் எல்லாம் கேட்காமலே வந்தன. ஹெட்செட் செருகுகிற இந்த ஓட்டை ஒன்றுதான் அடம்பிடிக்கிறது.

டெர்மினலில் அல்சாமிக்சர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி. எஃப்6 அழுத்திச் சரியான கார்டை எடுத்தால் ஹெட்போன் தூணின் அடியில் ‘எம்எம்’, அதாவது வாய் கட்டியிருக்கிறது. எம் அழுத்தியதும் பச்சையில் 00. ஆனாலும் சத்தம் ஸ்பீக்கரில்தான். பிறகு சத்தம் எங்கே போக வேண்டும் என்று தெரிவுசெய்கிற பாவுகண்ட்ரோலில் ‘செருகப்படவில்லை’ என்று எழுதியிருந்ததையே வேண்டுமென்று தெரிவுசெய்தேன். காதில் பாட்டு! ஆக, வயரும் சரி, சிப்பும் சரி. செருகியதைக் கவனிக்கிற இடத்தில்தான் கோளாறு.

அரைமணி நேரம் சந்தோஷம். மூடித் திறந்தேன், பழையபடி ஸ்பீக்கர். நடு அழைப்பில் இப்படி நடந்தால்?

ஜூன் 6, வெள்ளி

டொக்டர் ரிப்போர்ட் புதன்கிழமை என்கிறார். செவ்வாய் போயா, பௌர்ணமி விடுமுறை.

அம்மா ஒரு துண்டு பாணோடு எழும்பிவிட்டார்.

ஜூன் 7, சனி

மேசை லாச்சிக்குள் பழைய இயர்போன் ஒன்று கிடந்தது. செருகினால் பாட்டில் வயலினும் தாளமும் தூரத்தில் கேட்கின்றன, பாடுகிறவரைக் காணோம். பிளக்கை நகக்கண்ணளவு வெளியே இழுத்தால் குரல் திரும்புகிறது.

தேடி வாசித்தேன். நாலு உலோக வளையப் பிளக்கில் இரண்டு முறை இருக்கின்றன. ஒன்றில் நுனியிலிருந்து மூன்றாவது வளையம் கிரவுண்ட், அதாவது இரண்டு காதுக்கும் பொதுவான இணைப்பு, நாலாவது மைக். மற்றதில் அது தலைகீழ். இப்போது வருபவை முதல் வகை, பழைய போன்களோடு வந்தவற்றில் பல இரண்டாம் வகை. கிரவுண்ட் சரியாகப் படாவிட்டால் இடது காதுக்கும் வலது காதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். இரண்டிலும் ஒரேமாதிரி இருப்பது ஒன்றையொன்று அழித்துவிடும்.

தங்கச்சியின் குரல் இரண்டு காதிலும் ஒரேமாதிரித்தான் வரும். அந்த இயர்போனைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஒஃபிஸில் இருக்கிற அண்ணா ஒருவர் சொன்னபடி முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடித்தேன். ஒன்றுமில்லை.

அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். “இதை விட்டிட்டு என்னோட கொஞ்சம் கதையனடி.” கதைத்தேன். நல்லூர்த் தேர், மாமாவின் காணி, மாங்காய். மகரகமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

பின்னேரம் திரும்பவும். துவாரத்துக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பிளக் அதைத் தள்ளினால் சவுண்ட் சிப், லினக்ஸின் மையமான கேர்னலுக்கு ‘ஆள் வந்தாச்சு’ என்று சொல்லும். எந்தத் துவாரம் எந்தப் பின்னில் என்ற விபரத்தை, மெஷின் எழும்பும்போது முதலில் ஓடுகிற பயோஸ் கொடுக்கிறது. அதில் பிழை இருந்தால் விண்டோஸில் தயாரிப்பாளரின் ட்ரைவர் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். லினக்ஸில் அந்த மொடலுக்கான திருத்தத்தை யாராவது கேர்னலில் எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். என் மொடலுக்கு ஒருவரும் எழுதவில்லைப் போல.

எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் என்ற கருவியில் ஹெட்போன் பின்னை எடுத்து, ‘கண்டறியும் வசதி இல்லை’ என்று மாற்றி, பூட் ஆகும்போதே பொருந்தும்படி வைத்தேன். ரீபூட்.

வந்தது! ‘செருகப்படவில்லை’ என்ற வரியே இல்லை. மூடித் திறந்தாலும் காதில்தான். இனி அதற்கு எதுவும் தெரியாது, ஹெட்செட்டா ஸ்பீக்கரா என்று நான்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன், அதிலென்ன.

ஜூன் 9, திங்கள்

நேற்றிரவு தங்கச்சியோடு ஒரு மணித்தியாலம். அவள் கதைத்தாள், நான் தட்டச்சில் பதில். அழுதாள். நல்லகாலம், காதுக்குள்.

இருந்தாலும் நம்பிக்கை இல்லை. மத்தியானம் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் யுஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்கினேன். “அக்கா, இது தனிக் கார்ட். லப்டொப் ஜாக்கோட இதுக்கு ஒரு சோலியும் இல்ல” என்றான் கடைப் பொடியன். அதைக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய். பொசன்

காலி வீதியில் தன்சல், போயாவுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற பந்தல், ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. அம்மாவுக்கு ஐஸ்கிரீம் வேண்டுமாம். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன், பாதி உருகிவிட்டது. முழுதும் சாப்பிட்டார்.

நாளை.

ஜூன் 11, புதன்

ரிப்போர்ட் கையில். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கேர்னல் அப்டேட் வந்திருக்கிறது, ரீஸ்டார்ட் பண்ணட்டுமா என்று நாலைந்து தரம் கேட்டுவிட்டது. கொடுக்கவில்லை. பத்து மணிக்கு அவள் எடுப்பாள்.