டெல்லி ரிட்ஜில் நம்ம ஊர் வேலிக்கருவை

டெல்லிக்குப் போகிறவர்கள் செங்கோட்டை, குதுப் மினார், மிஞ்சினால் ஆக்ராவுக்கு ஒரு நாள் என்று பார்த்துவிட்டு ரயிலேறி விடுவார்கள். அந்த நகரத்துக்குள்ளேயே 7,700 ஹெக்டேருக்கு மேல் காடு இருப்பது பலருக்குத் தெரியாது. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக வரும் ஆரவல்லி மலைத்தொடர், டெல்லியில் யமுனைக்குப் பக்கத்தில் வந்து மண்ணுக்குள் அமிழ்ந்து முடிகிறது. அந்தக் கடைசித் துண்டைத்தான் ‘ரிட்ஜ்’ என்கிறார்கள். இடையிடையே நகரம் புகுந்ததால் இன்று அது நான்கைந்து துண்டுகள். தெற்கே அசோலா பக்கம் இருப்பதுதான் பெரும்பங்கு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்கு ரிட்ஜ் வெறும் 87 ஹெக்டேர். ஆனால் கதைகள் அதிகம் அங்கேதான் என்பதால் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

விஷ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கூட வந்த தம்பி ராமநாதபுரத்துக்காரர், அங்கே ஆராய்ச்சி மாணவர். மலை என்று நினைத்துப் போகாதீர்கள். நம் பரங்கிமலைகூட இதைவிட எடுப்பாக நிற்கும். லேசான ஏற்றம், இருபுறமும் மரம், வழியெல்லாம் குரங்கு. அவற்றுக்கு வாழைப்பழமும் கடலையும் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் குறைவில்லை. கொடுக்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், அந்தப் பலகைக்குக் கீழேயே தோல் கிடக்கிறது.

கொஞ்சம் உள்ளே போனதும் தம்பி ஒரு கிளையை இழுத்துக் காட்டினார். பொடிப்பொடி இலை, கணுவுக்குக் கணு முள், வெளிர்மஞ்சளில் தொங்கும் காய். “அண்ணே, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் இது நம்மள விடமாட்டேங்குது பாத்தீங்களா?”

சாட்சாத் சீமைக்கருவேலம், அதாவது வேலிக்கருவை. இங்கே ‘விலாயத்தி கீக்கர்’ என்கிறார்கள். பாதையின் இரு பக்கமும் அதுதான். டெல்லியின் ‘பச்சை நுரையீரல்’ என்று பத்திரிகைகள் உருகுகிற காட்டில் பெரும்பகுதி, நாம் வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்குப் போட்ட அதே மரம்!

இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் கதை 1857-க்குப் போகிறது. காட்டுக்குள் வட்டமாக ஒரு கோபுரம் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் டவர். கிளர்ச்சிச் சிப்பாய்கள் மீரட்டிலிருந்து வந்து நகரத்துக்குள் புகுந்த மே 11 அன்று, வெள்ளைக்காரக் குடும்பங்கள் இதற்குள்தான் அடைந்துகொண்டு, வராத உதவிப்படைக்காகக் காத்திருந்தன. மே மாத டெல்லி வெயிலில், காற்றுப் புகாத அந்தக் கட்டடத்தில் குழந்தைகளோடு. சாயங்காலம் நம்பிக்கை விட்டுப்போய் கர்னாலை நோக்கி ஓடினார்கள். ஜூனில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை இந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு, செப்டம்பரில் நகரத்துக்குள் நுழையும்வரை இங்கேயே கிடந்தது. மறு வருஷம் ஃபெலிச்சே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களில் ரிட்ஜ் மொட்டைப் பாறையாக இருக்கிறது. இன்று கோபுரத்தடியில் நின்றால் மரங்களைத் தாண்டி எதுவும் தெரிவதில்லை. நகரத்தை இங்கிருந்து குறிவைத்தார்கள் என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

எப்போதுமே மொட்டையாகக் கிடந்த இடமும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இங்கே வேட்டை மாளிகை கட்டியிருக்கிறார். மீரட்டிலிருந்து அசோகர் தூண் ஒன்றையும் பெயர்த்துக்கொண்டு வந்து அதில் நட்டார். பிறகு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தூண் ஐந்து துண்டாகி, 1867-ல் பிரிட்டிஷார் ஒட்டி நிறுத்தினார்கள். ஹிந்து ராவ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒட்டுப்போட்ட கோடுகள் தெளிவாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அதைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கவலை அவர்களுக்கு.

மரம் வந்தது தலைநகரத்தோடு. 1911-ல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். ராய்சினா குன்றில் எழும்பப்போகும் வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னணியாகப் பச்சை தேவைப்பட்டது. ராய்சினா, மால்சா கிராமத்துக்காரர்களின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், ரிட்ஜின் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்து ஆடுமாடு மேய்ப்பதை நிறுத்தினார்கள். ஆனால் குவார்ட்சைட் என்ற அந்தக் கெட்டிப் பாறையில் மண்ணே கைப்பிடிதான். வைத்த பல மரங்கள் பிடிக்கவில்லை. சீமைக்கருவேலம் பிடித்தது. 1870களில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து நம் மதராஸ் மாகாணத்துக் கடப்பைப் பக்கம் விதைத்த அதே இனம். இலையை ஆடு தொடாது, காயைத் தின்று விதையைப் புழுக்கையில் போட்டுவிட்டுப் போகும். அப்புறம் மனிதன் நடவே வேண்டாம்.

அதற்கு முன்பு இந்த மண்ணுக்கு உரிய மரங்கள் வேறு. வெள்வேலம், புரசு, வன்னி, உகா, நஞ்சுண்டா என்று நம் வறண்ட காடுகளிலும் இருக்கிறவைதான் பல. பாறையைப் பிடித்து வளரும் ‘தாவ்’ மரம்தான் ஆரவல்லியின் அடையாளம். ஹரியானா எல்லைக்குள் மாங்கர் பனி என்ற பள்ளத்தாக்கில் அந்தக் காடு இன்னும் பிழைத்திருக்கிறது. சாமியார் ஒருவரின் காடு அது, குச்சி ஒடித்தாலும் குற்றம் என்று ஊர்க்காரர்கள் நம்பியதால் தப்பியது. நம் கோவில்காடுகள் மாதிரிதான். காப்புக்காடு என்ற முத்திரையைவிட அந்தச் சாமி பயம் நன்றாக வேலை செய்திருக்கிறது என்பது என் கட்சி.

சட்டத்தின் கதை சுவாரசியமில்லை, நீளம்தான். 1979-ல் ரிட்ஜை அழிக்கிறார்கள் என்று மாணவர்கள் போராடினார்கள். அதில் பிறந்ததுதான் கல்பவிருக்ஷ் அமைப்பு. 1994-ல் ரிட்ஜ் முழுவதையும் காப்புக்காடாக்க முதல்கட்ட அறிவிப்பு வந்தது. இறுதி அறிவிப்பு வருஷக்கணக்கில் இழுத்தது. நடுவில் ரிட்ஜுக்கென்று ஒரு வாரியமும் வந்தது. இத்தனைக்கும் பிறகு 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜ் பகுதியில் சாலையை அகலப்படுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை உச்ச நீதிமன்ற அனுமதி இல்லாமல் வெட்டினார்கள். அது நீதிமன்ற அவமதிப்பு என்று அடுத்த வருஷம் தீர்ப்பானது.

சரி, சீமைக்கருவேலத்தை என்ன செய்வது? 2017-ல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வந்தபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது ஞாபகம் இருக்கும். ராமநாதபுரத்துத் தம்பிக்கு இங்கேயும் அதுதான் யோசனை. எனக்கு உடன்பாடில்லை. ஒரேயடியாகப் பிடுங்கினால் மறுபடியும் பியாட்டோ படத்தில் இருக்கிற மொட்டைப் பாறைதான் மிஞ்சும், மயிலும் நரியும் எங்கே போகும்? மத்திய ரிட்ஜில் வேறு வழியில் முயல்கிறார்கள்: மரத்தை விட்டுவிட்டு கிளைகளை மட்டும் கழித்து, வெளிச்சம் விழும் இடத்தில் உள்ளூர் மரங்களை வைத்து வளர்ப்பது. மெதுவான வேலை, காண்ட்ராக்டருக்கு லாபமில்லாத வேலையும்கூட. தம்பி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. “உங்க வயல்ல முளைச்சிருந்தா தெரியும்ணே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போகிறவர்கள் காலையில் போங்கள். நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கும். தடித்த அடியுள்ள ஷூ அவசியம். ரப்பர் செருப்பை இந்த முள் சாதாரணமாகத் துளைக்கும். அப்படியே தெற்கே நடந்து 1857 நினைவுக் கோபுரத்தையும் பாருங்கள். 1863-ல் ஆங்கிலேயர் தங்கள் பக்கத்து வீரர்களுக்காகக் கட்டியது. இதில் ‘எதிரி’ என்று பொறித்திருப்பவர்கள் விடுதலைக்காகப் போராடியவர்கள் என்று 1972-ல் இன்னொரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நின்று படிக்க அரைமணி ஒதுக்குங்கள்.